சோயா மொச்சையில் களைக்கொல்லி: பயிர் மஞ்சளானால் உழுதுவிட வேண்டுமா?

சோயா மொச்சை 80 முதல் 90 நாளில் அறுவடைக்கு வந்துவிடும் பயிர். இதில் முதல் 30, 40 நாட்களைக் களைக்கு விட்டுக்கொடுத்துவிட்டால், பிறகு எத்தனை உரமிட்டாலும் எத்தனை முறை தண்ணீர் பாய்ச்சினாலும் இழந்த மகசூல் திரும்பாது. சாரணை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, நாய்க்கடுகு, கானாவாழை, மயில்கொண்டைப்புல் ஆகியவை பயிருக்கு முன்பே முளைத்து, பயிரைவிட வேகமாக வளர்பவை. சோயாவின் இலைகள் விரிந்து வரிசைக்கு வரிசை மூடிக்கொள்ளும் வரை அதற்கு நம் துணை தேவை.

முன்பெல்லாம் 15ஆம் நாள் ஒன்று, 30ஆம் நாள் ஒன்று என இரண்டு கைக்களை எடுத்தால் போதும். இன்று அந்த நாளில் ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஆள் கிடைக்கும் நாளில் மழை பிடித்துக்கொள்கிறது. அதனால் சிறு விவசாயிகளும் களைக்கொல்லியை நாடுகிறார்கள். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மருந்து தெளித்த நான்காம் நாள் பயிர் மஞ்சளாகும்போது என்ன செய்வது என்பதை மருந்து விற்கும் கடையில் யாரும் சொல்வதில்லை.

உழவு ஓட்ட டிராக்டர் வந்துவிட்டது

சில ஆண்டுகளுக்கு முன் உடுமலை வட்டாரத்திலிருந்து ஒரு விவசாயி காலை ஆறு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, மூணு ஏக்கர் சோயாவும் போச்சுங்க. மருந்தடிச்சு நாலு நாள்லயே மஞ்சக் குளிச்ச மாதிரி நிக்குது. ஓட்டிப்போட்டு மக்காச்சோளம் விதைச்சிரலாம்னு டிராக்டர் சொல்லிட்டனுங்க" என்றார். நகைக்கடன் வாங்கிச் செய்த வெள்ளாமை என்பதைப் பிறகுதான் சொன்னார். டிராக்டரை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

வயலில் பார்த்தபோது நுனி இலைகள் வெளிர் மஞ்சளாகவும் சற்றுச் சுருங்கியும் இருந்தன. கணுவிடைகள் குறுகியிருந்தன. ஆனால் கீழ் இலைகள் பச்சையாகவே இருந்தன. சில செடிகளின் நுனிமொட்டை நகத்தால் மெல்லப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே குருத்து பசுமையாக, உறுதியாக இருந்தது. வேரைத் தோண்டிப் பார்த்தோம். வெள்ளை வேர்கள் இருந்தன, அழுகல் இல்லை. "பத்து நாள் பொறுங்கள். இது செத்த பயிரல்ல, திகைத்து நிற்கிற பயிர்" என்றேன். அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் டிராக்டரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பதினோராம் நாள் புதிய மூவிலை நல்ல பச்சையாக வந்துவிட்டது. அறுவடையில் பக்கத்து வயலைவிட ஒரு மூட்டை குறைந்திருக்கலாம். அது மருந்தால் குறைந்ததா, தெளிப்பதற்கு முன் நின்ற களையால் குறைந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

அவர் உழுது மக்காச்சோளம் விதைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் தெளித்தது இமாசெத்தாபைர். அது மண்ணில் சில மாதங்கள் தங்கும். சோயா, நிலக்கடலை போன்ற பயறு வகைச் செடிகள் அதைத் தாங்கும். மக்காச்சோளமும் பருத்தியும் காய்கறிகளும் அந்த அளவு தாங்கமாட்டா. போன சோயாவோடு விதைத்த மக்காச்சோளமும் குன்றியிருக்கும். ஆகவே களைக்கொல்லி தெளித்த வயலை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். அழிக்கத்தான் வேண்டுமென்றால், அந்த மருந்தைத் தாங்கும் பயிரையே மறுபடி விதைக்க வேண்டும்.

களை சாகிறது, பயிர் ஏன் சாவதில்லை?

ஒரே மருந்து இரண்டின் மேலும் விழுகிறது. ஒன்று மடிகிறது, மற்றொன்று பிழைக்கிறது. இதற்கு ஒரே காரணம் இல்லை. மருந்துக்கு மருந்து காரணம் வேறு. அதைத் தெரிந்துகொண்டால் எந்தத் தவறு பயிரைக் கெடுக்கும் என்பது தானாக விளங்கிவிடும்.

முதலில் பெண்டிமெத்தலின். இது விதைத்த மூன்று நாட்களுக்குள், களை முளைக்கும் முன் மண்ணின் மேல் தெளிப்பது. தண்ணீரில் எளிதில் கரையாமல் மேல்மண்ணில் ஒட்டிக்கொள்கிறது. மேலாகக் கிடக்கும் களை விதைகள் முளைவிடும்போது இந்தப் படலத்தில் மாட்டிக்கொண்டு, செல் பிரிய முடியாமல் நின்றுவிடுகின்றன. சோயா விதை அதற்குக் கீழே இருக்கிறது. அதன் வேர் கீழ்நோக்கிப் போகிறது. அதாவது சோயா தப்புவது பெரும்பாலும் இருக்கும் இடத்தால்தான். விதையை மேலாகப் போட்டு, சரியாக மூடாமல் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். மண்ணைப் பிளந்துகொண்டு முளை வரத் தொடங்கிய பின் தெளித்தாலும் அதே கதிதான். இப்படிப் பாதிக்கப்பட்ட செடியில் தரைமட்டத்தில் தண்டு முடிச்சுப்போல் வீங்கியிருக்கும். காற்றடித்தால் அந்த இடத்தில் ஒடிந்துவிடும். விதை ஒன்றரை அங்குல ஆழத்தில் விழுந்து மண் நன்றாக மூடியிருக்க வேண்டும் என்று நாம் சொல்வது முளைப்புக்காக மட்டுமல்ல.

இரண்டாவது குயிசலோபாப் ஈதைல். இது புல் வகைகளை மட்டும் கொல்லும். புற்களில் கொழுப்பை உண்டாக்கும் ஒரு நொதியை இது பிடித்து நிறுத்துகிறது. சோயாவில் அதே வேலையைச் செய்யும் நொதியின் அமைப்பு வேறு. மருந்து அதில் ஒட்டுவதில்லை. பூட்டு வேறானதால் சாவி நுழையவில்லை. எனவே இந்த மருந்தில் சோயாவுக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனால் சாரணைக்கும் தொய்யக்கீரைக்கும் கூட அதே பாதுகாப்பு உண்டு, அவை சாகமாட்டா. கோரையும் சாகாது. கோரை, பார்ப்பதற்குப் புல்போல் இருந்தாலும் புல் அல்ல. இதை அறியாமல் "போலி மருந்து கொடுத்துவிட்டான்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதுதான் நம் உடுமலை விவசாயி தெளித்த இமாசெத்தாபைர். புரதம் கட்டத் தேவையான மூன்று அமினோ அமிலங்களைச் செடி தயாரிக்கவிடாமல் இது தடுக்கிறது. சோயாவுக்குள்ளும் இது நுழையத்தான் செய்கிறது, தடுக்கவும் செய்கிறது. ஆனால் சோயா இந்த மருந்தை விரைவாகச் சிதைத்து, சர்க்கரையோடு பிணைத்து, நஞ்சில்லாத பொருளாக்கி ஒதுக்கிவிடும். களைகளால் அந்த வேகத்தில் அதைச் செய்ய முடிவதில்லை. ஆக, இது ஒரு ஓட்டப்பந்தயம். மருந்து வேலை செய்வதற்கும் சோயா அதைச் செரிப்பதற்கும் இடையிலுள்ள அந்தச் சில நாட்களில்தான் மஞ்சள் நிறம் தெரிகிறது. செரித்து முடித்ததும் குருத்து பச்சையாகிவிடும்.

இது பந்தயம் என்பதால், ஓடுகிற பயிரின் உடல்நலம் முக்கியமாகிறது. தண்ணீர் தேங்கி வேர் மூச்சடைத்த பயிர், வறட்சியில் வாடிய பயிர், பூச்சி கடித்து இலை இழந்த பயிர் ஆகியவை மருந்தை மெதுவாகத்தான் செரிக்கும். அப்படிப்பட்ட வயலில் சரியான அளவே தெளித்தாலும் பாதிப்பு கூடுதலாக இருக்கும். இரண்டு நாள் பொறுத்து, தண்ணீரை வடித்து, பயிர் தெளிந்தபின் தெளிப்பதே நல்லது. மற்றொன்றும் உண்டு. சில ஆர்கனோ பாஸ்பரஸ் பூச்சிமருந்துகள் மருந்தைச் செரிக்கும் அதே நொதிகளை மட்டுப்படுத்தக்கூடியவை. கூலியை மிச்சம் பிடிக்க இரண்டையும் ஒரே டாங்கில் கலந்து தெளிக்கிறோம் என்று பலர் சொல்வதைக் கேட்கிறேன். பயிரின் கையைக் கட்டிப்போட்டு மருந்தைத் தெளிப்பது போன்றது அது.

அதே வயலின் வாய்க்கால் ஓரம்

உடுமலை வயலைப் பற்றிச் சொன்னதில் ஒரு பகுதி பாக்கியிருக்கிறது. வாய்க்கால் ஓரம் நான்கைந்து சென்ட் அளவுக்குப் பயிர் தேறவேயில்லை. செடிகள் ஒரு சாண் உயரத்திலேயே நின்று, நுனி கருகி மடிந்தன. விசாரித்ததில், கடைசி டாங்கு தெளிக்கும்போது புட்டியில் மீதம் இருந்த மருந்தையெல்லாம் அதிலேயே ஊற்றிவிட்டதாகத் தெளித்த ஆள் ஒப்புக்கொண்டார். "கொஞ்சூண்டு எதுக்குங்க வெச்சுக்கணும்னு ஊத்திட்டேன்" என்றார். பயிரின் தாங்கும் சக்திக்கு ஓர் எல்லை உண்டு என்பதற்கு அந்தச் சில சென்ட் நிலமே சாட்சியாக நின்றது.

இமாசெத்தாபைர் 10 சதம் திரவம் ஏக்கருக்கு 400 மில்லி. இதை 200 லிட்டர் தண்ணீரில் தெளிக்க வேண்டும். அதாவது சென்ட்டுக்கு இரண்டு லிட்டர் கலவை. 10 லிட்டர் கைத்தெளிப்பான் என்றால் ஒரு டாங்கு ஐந்து சென்ட்டுக்கு. அதில் 20 மில்லி மருந்து. 16 லிட்டர் டாங்கு என்றால் எட்டு சென்ட்டுக்கு. அதில் 32 மில்லி. இந்தக் கணக்கு உங்கள் ஆளின் நடைக்கும் பொருந்துகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். 21 அடிக்கு 21 அடி நிலத்தை அளந்து கொண்டால் ஏறத்தாழ ஒரு சென்ட். அதில் வெறும் தண்ணீரைத் தெளிக்கச் செய்யுங்கள். இரண்டு லிட்டர் செலவானால் சரி. ஒன்றரை லிட்டர்தான் செலவாகிறது என்றால் ஏக்கருக்கு 150 லிட்டர், அதாவது 15 டாங்குதான் ஆகும். அப்போது டாங்குக்கு 27 மில்லி போட வேண்டும். மருந்து ஏக்கருக்குத்தான் அளவு, டாங்குக்கு அல்ல. கடையில் "டாங்குக்கு ஒரு மூடி" என்று சொல்வதைக் கேட்டு வந்து தெளிப்பவர்கள் இந்த ஒரு நிமிடக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பெண்டிமெத்தலின் 30 சதம் ஏக்கருக்கு 1.3 லிட்டர், 10 லிட்டர் டாங்குக்கு 65 மில்லி. மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். தெளித்த இடத்தை மிதிக்காமல் பின்னோக்கி நடந்து தெளிப்பது நல்லது. விசிறி போல் விரியும் நாசில் தேவை. பூச்சிமருந்துக்குப் பயன்படும் கூம்பு நாசில் இதற்கு ஆகாது. கோரையும் அருகும் இதற்கு அடங்கா. முளைத்து வந்த பின் இமாசெத்தாபைர் தெளிப்பதானால் விதைத்த 15 முதல் 20 நாளுக்குள், களை இரண்டு முதல் நான்கு இலையில் இருக்கும்போது தெளித்துவிட வேண்டும். லேபிளில் அறுவடைக்கு முன் 75 நாள் இடைவெளி குறிப்பிட்டிருக்கிறது. 90 நாள் பயிருக்கு 30ஆம் நாள் தெளித்தால் அந்தக் கணக்கு ஒத்து வராது என்பதைக் கவனியுங்கள். புல் அதிகமுள்ள வயலுக்குக் குயிசலோபாப் ஈதைல் 5 சதம் ஏக்கருக்கு 300 முதல் 400 மில்லி.

இமாசெத்தாபைர் தெளித்த களை உடனே சாகாது. வளர்ச்சி அன்றே நின்றுவிடும். ஆனால் மடிய இரண்டு மூன்று வாரம் ஆகும். ஒரு வாரம் பார்த்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று இரண்டாம் முறை தெளிப்பவர்கள்தான் அதிகமாகப் பயிரைக் கெடுக்கிறார்கள்.

நான் செய்த தவறு

மெட்ரிபுசின் என்றொரு மருந்து சோயாவில் முளைக்கும் முன் தெளிக்கப் பரிந்துரையில் உண்டு. நான் பணிக்கு வந்த புதிதில், மணற்பாங்கான நிலம் வைத்திருந்த ஒரு விவசாயிக்கு, கரிசலுக்குச் சொல்லும் அளவையே சொல்லிவிட்டேன். மறுநாள் இரவு கனமழை. மருந்து மண்ணில் இறங்கி வேருக்குப் போய்விட்டது. கீழ் இலைகளின் ஓரம் மஞ்சளாகி, பின்பு காய்ந்து, பாதிப் பயிர் போயிற்று. அவர் என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு சோயா விதைக்கவும் இல்லை. மணல் மண்ணிலும், அங்ககச் சத்துக் குறைந்த மண்ணிலும், களர் தன்மையுள்ள நிலத்திலும் இந்த மருந்து அதிகமாகப் பயிருக்குள் ஏறும். அத்தகைய நிலத்தில் இதைத் தவிர்த்துவிடலாம் என்பதே இப்போது என் கருத்து.

ரகத்துக்கு ரகமும் தாங்கும் சக்தி மாறும். அமெரிக்காவில் செம்ஸ் என்ற சோயா ரகம், மற்ற ரகங்கள் தாங்கிய மெட்ரிபுசின் அளவிலேயே மடிந்தது. ஆராய்ந்ததில் ஒரே ஒரு மரபணு வேற்றுமைதான் காரணம் என்று 1976இல் கண்டறிந்தார்கள். எனவே புதிய ரகத்துக்குப் புதிய மருந்தைத் தெளிக்கும்போது முதல் ஆண்டு பத்து சென்ட்டில் தெளித்துப் பாருங்கள். பத்து சென்ட்டை இழந்தாலும் தாங்கிக்கொள்ளலாம்.

எதை எந்நாளும் சோயா தாங்காது

2,4-டி என்ற பெயரை நம் விவசாயிகள் அனைவரும் அறிவார்கள். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் தெளிப்பது. இது சோயாவுக்குக் கடும் நஞ்சு. பக்கத்து வயலிலிருந்து காற்றில் வந்த துளிகளே போதும். இலைகள் நீண்டு நார்போல் குறுகி, நரம்புகள் இணைகோடாகத் தெரியும், தண்டு முறுக்கிக்கொள்ளும். பெரும்பாலும் காற்றுகூடக் காரணம் அல்ல, தெளிப்பான்தான் காரணம். நேற்று மக்காச்சோளத்துக்கு 2,4-டி தெளித்த வாடகைத் தெளிப்பானைத் தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டு இன்று சோயாவுக்குக் கொண்டுவருகிறோம். டாங்கின் உட்புறத்திலும் ரப்பர் குழாயிலும் வாஷரிலும் தங்கியிருப்பது போதும். சலவைச் சோடாக் கரைசலை நிரப்பி, குழாய் வழியாகவும் செலுத்தி, ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் இருமுறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். முடிந்தால் களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள். கழுவிய தண்ணீரைக் கிணற்றோரத்திலும் வாய்க்காலிலும் கொட்டக்கூடாது.

காற்றில் வரும் மருந்து எவ்வளவு செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் 2017இல் நடந்ததைச் சொல்லலாம். டைகாம்பா என்ற, 2,4-டிக்கு உறவான மருந்தைத் தாங்கும்படி மரபணு மாற்றிய சோயாவை அங்கே பலர் விதைத்து, அந்த மருந்தைத் தெளித்தார்கள். அது பரவி, மாற்றம் செய்யாத சோயா சுமார் 36 லட்சம் ஏக்கரில் பாதிக்கப்பட்டதாக மிசௌரி பல்கலைக்கழகம் கணக்கிட்டது. வழக்குப் போடும் நிலையும் வந்தது.

சோயாவுக்குக் கிளைபோசேட் அடிக்கலாமா என்ற கேள்வியும் வருகிறது. வெளிநாட்டுப் படங்களில் அப்படித் தெளிப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். அது 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் மரபணு மாற்றிய சோயா. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை அதில் புகுத்தியிருக்கிறார்கள். நம் நாட்டில் அத்தகைய சோயாவைப் பயிரிட அனுமதி இல்லை. நம் ரகங்களின் மேல் கிளைபோசேட் பட்டால் களையோடு சோயாவும் போய்விடும்.

முந்தைய பயிருக்குப் போட்டதையும் நினைவில் வைக்க வேண்டும். மக்காச்சோளத்துக்கு அட்ரசின் அதிகம் தெளித்து, பிறகு மழை குறைந்து மண் காய்ந்திருந்தால், மருந்து சிதையாமல் நின்று அடுத்து வரும் சோயாவைச் சுடும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள்தான் இவற்றை அழிக்கின்றன. ஈரம் இல்லாவிட்டால் அவற்றுக்கு வேலை ஓடாது. இமாசெத்தாபைர் தெளித்த சோயாவுக்குப் பின் காய்கறி வைப்பதிலும் இதே எச்சரிக்கை தேவை. சந்தேகம் இருந்தால், அந்த மண்ணை ஒரு சட்டியிலும் மருந்து படாத மண்ணை மற்றொரு சட்டியிலும் போட்டு, வைக்கப்போகும் விதையில் பத்தைப் போட்டு இரண்டு வாரம் வளர்த்துப் பாருங்கள்.

பழைய பரிந்துரைக் குறிப்புகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அலாகுளோர் சோயாவுக்கும் நிலக்கடலைக்கும் சொல்லப்பட்டிருக்கும். 2020 டிசம்பர் 31 முதல் அது நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. வீட்டில் பழைய புட்டி இருந்தாலும் பயன்படுத்த வேண்டாம்.

மஞ்சளைப் படித்தறிவது

எல்லா மஞ்சளும் களைக்கொல்லியால் வருவதல்ல. சுண்ணாம்பு நிலத்தில், குறிப்பாக ஓடைக்கல் தெரியும் திட்டுகளில், நுனி இலையின் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளுத்தும் இருந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளித்தால் தெளியும். மருந்தால் வந்த மஞ்சள் திட்டுத் திட்டாக இருக்காது. தெளித்த ஆள் நடந்த தடத்தைப் பின்பற்றும். வரிசை முனையில், அவர் திரும்பிய இடத்தில், கூடுதலாக இருக்கும். தெளிக்காமல் தப்பிப்போன ஒரு கோடு பச்சையாக நின்றால் சந்தேகமே வேண்டாம். இதற்காகவே நான் ஒவ்வொரு வயலிலும் இரண்டு வரிசையை மருந்தில்லாமல் விடச் சொல்கிறேன். அந்த இரண்டு வரிசையில் கையால் களை எடுத்துவிடலாம். மருந்து பயிரை என்ன செய்தது, களையை என்ன செய்தது என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

மருந்தால் வந்த மஞ்சள் என்று தெரிந்தால், ஐந்தாம் நாளும் பத்தாம் நாளும் வயலின் ஐந்து இடங்களில் பத்துப் பத்துச் செடிகளின் குருத்தைப் பாருங்கள். குருத்து பச்சையாக இருந்தால் பயிர் பிழைக்கும். குருத்து கருகியிருந்தாலும், இலைக்கக்கத்தில் பக்கக்கிளை வருகிறதா என்று பார்க்க வேண்டும். சோயாவுக்கு அந்தச் சக்தி உண்டு. பத்தாம் நாளும் பாதிக்கு மேற்பட்ட செடிகளில் பச்சைக் குருத்தோ பக்கக்கிளையோ இல்லையென்றால்தான் உழவைப் பற்றி யோசிக்கலாம். அந்தப் பத்து நாளில் யூரியாவைக் கரைத்துத் தெளிப்பது, டானிக் வாங்கித் தெளிப்பது என்று பணத்தை விரயம் செய்ய வேண்டாம். தேங்கிய தண்ணீரை வடியுங்கள். மண் காய்ந்திருந்தால் லேசாகப் பாய்ச்சுங்கள். 30ஆம் நாள் ஒரு கைக்களை எடுத்து, தப்பி நிற்கும் சாரணையையும் கோரையையும் விதைக்கு வரும் முன் அப்புறப்படுத்திவிடுங்கள். மருந்து தெளித்தாலும் அந்த ஒரு கைக்களை தேவைதான்.